துபாயிலிருந்து வந்த இந்திப் பாடம்

இன்று காலை கைபேசித் திரையில், ஏரிக்கரைத் தோணிரேவில் இறால் விற்கும் பெண்கள் ஆறு பேர் இருந்தார்கள். வாரம் மூன்று நாள் வீடியோ காலில் அவர்களுக்கு வியாபார இந்தி சொல்லித் தருகிறேன். ஒருத்தி பதில் சொல்லக் கத்திய கத்தலில் போன் கரகரத்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே உன் ஞாபகமும். நீ மவுத்தாகி, மண்ணுக்குள் போய் இரண்டு நோன்புப் பெருநாள் கடந்துவிட்டது.

உன் வீட்டுக்கு நண்டு கொண்டுவந்து சிநேகமானவள் நான். எண்பதுகளில் இறால் விற்கத் தொடங்கியபோது, வாங்க வந்த கம்பெனி ஏஜென்டுக்கு இந்தி மட்டும்தான் தெரியும். எனக்கோ பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு ஏரியில் கையால் இறால் தடவிப் பிடித்துப் பழகிய வாய். நடுவில் நின்ற புரோக்கர் அவனிடம் என்ன சொல்கிறான், என்னிடம் எதை மறைக்கிறான், ஒன்றும் புரியாது. இப்படியே போனால் வியாபாரத்தில் நிற்க முடியாது என்று தெரிந்துவிட்டது. நீ துபாய்க்குக் குடிபோனபோது என்னிடம் விட்டுப்போன டேப்ரிகார்டரில் அதையெல்லாம் பேசிப் பதிந்து உனக்கு அனுப்பினேன். உன் தம்பியை எனக்காக வந்து பேசச் சொல்லவும் கேட்டேன்.

பதில் கேசட்டில் திட்டினாய். "அவன் பேசுனா அவனும் புரோக்கர்தான்டி. நீ பேசு. நான் சொல்லித் தரேன்."

உனக்கே அப்போது இந்தி வராது. பக்கத்து வீட்டு பம்பாய்க்காரியிடம் கற்றதை மறுநாளே பதிவு செய்து, ஊர் திரும்புகிறவர்களிடம் கொடுத்தனுப்புவாய். "இப்ப நீ சொல்லு" என்று சற்று நேரம் சும்மா இருப்பாய். அந்த நேரத்தில் உன் வீட்டுக் குழாய் சொட்டுவது எனக்குக் கேட்கும். அதே கேசட்டின் மறுபக்கத்தில் நான் பேசி அனுப்புவேன். படகில் போகிறவர்களைக் கரையிலிருந்து கூப்பிட்டே பழகியவள், முதல் பாடத்துக்கு அடித்தொண்டையிலிருந்து கத்தியிருந்தேன். அதற்கு உன் பதில்:

"இன்னாடி, நான் இன்னா ஏரிக்கு அந்தாண்டையா கீறேன்? சண்டைன்னு நெனச்சு பம்பாய்க்காரி ஓடியாந்துட்டா. மெதுவா பேசு. அப்பதான் மதிப்பான்."

ஐந்தாவது கேசட்டுக்குப் பிறகு ஒரு நாள், என் கூடையைக் காட்டி, நேற்றுப் பிடித்த சரக்கு என்று புரோக்கர் இந்தியில் சொன்னான். எனக்குப் புரிந்தது! குரலை உயர்த்தாமல், "இன்று காலை பிடித்தது. தலையை இழுத்துப் பாருங்கள்" என்று இந்தியிலேயே சொன்னேன். ஏஜென்ட் இழுத்தான். தலை கழலவில்லை; நேற்றைய இறால் என்றால் கையோடு வந்திருக்கும். இனி நீயே பேசு என்றான்.

"எவன்மே உனக்குச் சொல்லிக் குடுத்தான்?" என்றான் புரோக்கர்.

"எவனும் இல்ல. ஒருத்தி."

நாளை டெல்லி வியாபாரி ஒருவர் இந்தப் பெண்களிடம் வீடியோவில் பேசப் போகிறார். "நீயே பேசி முடிச்சிடு பெரீம்மா" என்று கெஞ்சுகிறார்கள். பேசினால் நல்ல விலை வரும், எனக்குக் கமிஷனும் வரும். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். திணறட்டும். முதல் சரக்கில் கொஞ்சம் ஏமாந்தாலும் ஏமாறட்டும்.

நானும் அந்த அழைப்பில் இருப்பேன். என் மைக்கை மட்டும் அணைத்து வைத்திருப்பேன்.