ஒரு டேங்க் போதாது

இன்று காலை தௌலா குவான் மேம்பாலத்தில் ஏறும்போது உன் காரில் பெட்ரோல் விளக்கு எரிந்தது. சின்ன ஆரஞ்சு விளக்கு. அதைப் பார்த்து யாராவது சிரிப்பார்களா? நான் சிரித்தேன். பக்கத்தில் பைக்கில் வந்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நாம் பாதியில் விட்ட பந்தயம் முடியப்போகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நீ இருந்தால் இந்தக் கதையை நீட்டி முழக்கிச் சொல்வாய். எனக்குச் சுருக்கமாகத்தான் வரும். டெல்லி துவாரகாவில் நமக்கு ஒரே அடுக்குமாடி சொசைட்டி. லோதி ரோட்டில் ஒரே அலுவலகக் கட்டடம். நான் புள்ளிவிவரப் பிரிவு, நீ மூன்று மாடி கீழே நிர்வாகப் பிரிவு. ஒரே வருடத்தில் ஒரே மாடல் சின்ன எஸ்யூவி வாங்கினோம். நான் மைலேஜுக்காக டர்போ இல்லாத சாதாரண எஞ்சின் எடுத்தேன். நீ டர்போ. ஒரு வாரம் உன் காரில், ஒரு வாரம் என் காரில் என்று சேர்ந்து போனோம்.

என் வாரத்தில் உனக்குப் பொறுக்காது. "ஏளா, இது காரா, கல்யாண ஊர்வலமா? பின்னாடி பாரு, ஈ-ரிக்‌ஷாக்காரன் ஹாரன் அடிக்கான்."

"அவனுக்குப் பெட்ரோல் வேண்டாம். எனக்கு வேணுமே" என்பேன்.

உன் வாரத்தில் நான் கைப்பிடியை விடமாட்டேன். மேம்பாலத்து ஏற்றத்தில் நீ ஒரு மிதி மிதித்ததும் சீட் முதுகில் வந்து அறையும். "இந்த ஓட்டுக்கு லிட்டருக்குப் பத்துகூடத் தராது" என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன்.

"ஏத்தத்துல ஒரு மிதி. அப்புறம் காலை எடுத்திருதேன்லா. கண்ணைத் திறந்தாத்தானே தெரியும்?"

நான் நம்பவில்லை. டாஷ்போர்டு காட்டும் மைலேஜையும் நம்பவில்லை. ஒரே பம்பில் நாஸில் 'கிளிக்' என்று தானாக நிற்கும்வரை நிரப்ப வேண்டும். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்க வேண்டும். தீர்ந்ததும் அதே பம்பில் மறுபடி கிளிக் வரை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை அந்த லிட்டரால் வகுக்க வேண்டும். அதுதான் கணக்கு என்றேன். சரி என்றாய். வந்த விடையில் உன் டர்போ என் காரைவிட லிட்டருக்கு அரை கிலோமீட்டர் அதிகம் தந்திருந்தது. ஒரு டேங்க்கை வைத்து முடிவு சொல்ல முடியாது என்றேன்.

"அப்ப காரை மாத்திக்குவோம்" என்றாய். உன் கையில் என் கார் என்னிடம் ஒருநாளும் தராத மைலேஜ் தந்தது. என் கையில் உன் கார் பன்னிரண்டுக்கு இறங்கியது. டயர் காற்று, ஏசி, சனிக்கிழமை நெரிசல் என்று காரணங்களை அடுக்கினேன். நீ ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாய். "எஞ்சின் இல்லளா, உன் காலு!"

கடைசியாக ஒரு பந்தயம் வைத்தாய். உன் கார், ஒரு முழு டேங்க். ஓட்டுவது நான், நீ சொல்கிற மாதிரி. லிட்டருக்குப் பதினைந்தைத் தாண்டினால் பம்பில் நின்று 'நீ சொன்னதே சரி' என்று நான் சொல்ல வேண்டும். "காத்துப் பிடிக்க நிக்கிறவனுக்கும் கேக்கணும்." அந்த வாக்கியத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை என்று உனக்குத் தெரியும். என் கணவர் இருபத்தோரு வருடமாகக் காத்திருக்கிறார்.

டிரிப் பி என்ற இரண்டாவது மீட்டரைப் பூஜ்யமாக்கிக் கிளம்பினோம். ஆறு நாள் நீ பக்கத்தில் உட்கார்ந்து என் காலைத் திட்டினாய். "மூணுல ஏன் அழ விடுதே? நாலு போடு. எஞ்சின்ல தெம்பு இருக்கு, நீ பதறாதே." தூரத்தில் சிக்னல் விழுந்தால், "சிவப்பு லைட்டைத் துரத்தாதே. எப்படியும் நிக்கத்தானே போறே?" பயந்து பயந்து சின்ன கியரில் ஊர்வதைச் சிக்கனம் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். நாலாவது கியரில் எஞ்சின் முனகாமல் போனபோது எனக்கே வெட்கமாக இருந்தது. உன்னிடம் காட்டிக்கொள்ளவில்லை.

ஏழாம் நாள் நீ வரவில்லை. "வயித்து வலி, திங்கக்கிழமை வாரேன்" என்று மெசேஜ். ஐந்து வாரம் ஆஸ்பத்திரி. போர்வைக்குள்ளிருந்து நீ சொன்னது ஒன்றுதான் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "டிரிப் பி-யைத் தொட்டிராதே. ஏமாத்திருவே நீ."

நாலு மாதம் கார் பேஸ்மென்ட்டில் தூசியோடு நின்றது. போன மாதம் பெங்களூரிலிருந்து உன் மகள் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, அம்மா வண்டியை வாங்க ஒரு பார்ட்டி ரெடி. அப்பா ஓட்டினா அது மெட்ரோ தூண்லதான் போய் நிக்கும். உங்களுக்கு வேணும்னா சொல்லுங்க, பக்கா உங்களுக்குத்தான்." இந்த டேங்க் தீரட்டும், சொல்கிறேன் என்றேன். பேட்டரி மாற்றினேன். மீட்டரில் நீ விட்டுப்போன இருநூற்று எழுபது அப்படியே இருந்தது. மீதியை நான் ஓட்டினேன். பக்கத்து சீட்டில் யாரும் திட்டவில்லை; ஆனாலும் நாலு போட்டேன்.

இன்று அதே பம்ப். நாஸிலைப் பிடித்திருந்த பெண்ணிடம் கிளிக் ஆனதும் நிறுத்தச் சொன்னேன். முப்பத்தாறு லிட்டர். ஓடியது ஐந்நூற்று நாற்பத்தெட்டு. போனில் இரண்டு முறை வகுத்தேன். பதினைந்தைத் தாண்டிவிட்டது.

"நீ சொன்னதே சரி" என்றேன்.

"ஜீ மேடம்?" என்றாள் அவள்.

அது செல்லாது, நீ ஒத்துக்கொள்ள மாட்டாய். கண்ணாடியை முழுவதும் இறக்கி, காற்றுப் பிடிக்க நின்ற ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கும்படி இன்னொரு முறை சொன்னேன். அந்தப் பெண் எல்லாம் புரிந்தவள்போல "அச்சா" என்று தலையாட்டினாள்.

வெளியே வந்து ஓரமாக நிறுத்தி உன் மகளைக் கூப்பிட்டேன். "காரைக் குடுத்துடாதேம்மா. ஒரு டேங்க்கை வச்சு முடிவு சொல்ல முடியாது."

"எத்தனை டேங்க் வேணும் ஆன்ட்டி?"

"குறைஞ்சது முப்பது."

அவள் சிரித்தாள். உன் சிரிப்பு. டிரிப் பி-யைப் பூஜ்யமாக்கிவிட்டுக் கிளம்பினேன். தூரத்தில் சிக்னல் சிவப்பாக மாறியது. காலை எடுத்துவிட்டேன்.