மைன்ஸ் முதலில் ஓட்டுப் போட்டது

12.5.80, திங்கள்
மண்டையைப் பிளக்கிற வெயில். எங்கள் சுண்ணாம்புக்கல் மைன்ஸுக்குத் தண்ணி வண்டி இன்றும் ஒரே நடை. சங்கத் தலைவர் மனசு வைத்தால்தான் இன்னொரு நடை.

டீக்கடை ரேடியோவில் செய்தி. அமெரிக்காவில் ஜனாதிபதிக்கு எந்த ஆளை நிறுத்துவது என்று மாநிலம் மாநிலமாக ஓட்டாம், மாசக்கணக்கில். கடைசி மாநிலத்துக்கு முறை வரும்போது எல்லாம் முடிந்திருக்குமாம். வரிசையை மாற்றச் சொல்லி அங்கேயும் சண்டை. அட, நம்ம சங்கத் தேர்தல்! திங்கள் சிமெண்டு ஆலை, செவ்வாய் மூட்டை கட்டுகிறவர்கள், புதன் லோடு ஏற்றுகிறவர்கள், வியாழன்தான் மைன்ஸ். அன்றன்றே எண்ணி போர்டில் எழுதிவிடுவார்கள். நாங்கள் போடுவதற்குள் ஜெயித்தவர் கழுத்தில் மாலை.

15.5.80
அரியலூர் சங்க ஆபீஸ். மனு கொடுத்தேன்: இந்தத் தடவை மைன்ஸ் முதலில், அடுத்த தடவை வேறு பிரிவு, சுற்றி வரட்டும். தலைவர், ஆலை ஃபிட்டர் ராமலிங்கம், மறுபடி நிற்கிறவர். "அதுக்கென்ன, செஞ்சிட்டாப் போச்சு" என்றார். எதிர்ப்பே இல்லை!

17.5
அவரை எதிர்த்து நிற்கிற எங்கள் ஆள் அஞ்சலை. கல் உடைக்கிறவள். போன மாசம் தண்ணி வண்டியை மறித்து மேனேஜரையே வரவழைத்தவள். "மொத நாளே நாம அள்ளிட்டா மத்தவனும் பின்னாடி வருவாண்ணே."
மைன்ஸ் ஓட்டுக்கு நான்தான் பொறுப்பு. வாங்க வேண்டியது: சைக்கிள் டியூப், தகர டப்பா 2, சிவப்புத் துணி (ராம.), பச்சைத் துணி (அஞ்.). எழுத்து தெரியாதவர்கள் அதிகம், ஆளுக்கொரு சுண்ணாம்புக்கல்தான் ஓட்டு.

19.5, திங்கள்
பதினோரு மணிவரை ஒருவரும் சாக்குப் படுதாவுக்குள் போகவில்லை. கையில் கல்லோடு நிற்கிறார்கள்.
"யாருங்க முன்னாடி இருக்கா?"
"யாருமில்ல. நீங்கதான் மொதல்ல."
"ஜெயிக்கிறது யாருன்னு தெரியாம எப்படிங்க போடுறது?"
"உங்களுக்குப் பிடிச்ச ஆளுக்குப் போடுங்க" என்றேன். அப்புறம் மளமளவென்று போட்டார்கள்.

சாயங்காலம் எண்ணிக்கை. சிவப்பு டப்பா நிரம்பி வழிகிறது. பச்சையைக் கவிழ்த்தேன். ஒரே கல். மறுபடி தட்டினேன். ஒன்றுதான். அது நான் போட்டது. அப்படியென்றால் அஞ்சலையே...
அவளிடமே நேராகக் கேட்டேன்.
"மைன்ஸ்ல எத்தன கல்லு யாருக்குன்னு போர்டுல எழுதுவாங்கல்லண்ணே. நாளைக்கு ஆலைக்காரன் பூரா அவருக்குத்தான் போடுவான். நம்ம தண்ணி வண்டி நின்னு போச்சுன்னா?"
தலைவர் ஏன் உடனே ஒத்துக்கொண்டார் என்பது இன்றுதான் உறைத்தது: தண்ணி அவர் கையில்.

20.5
தண்ணி வண்டி இரண்டு நடை. கூடவே தலைவரின் ஆள் ஒருவன் வந்து, அந்த ஒத்தக் கல் யாருடையது என்று விசாரித்தானாம்.
"என்னுதுதான்" என்றாளாம் அஞ்சலை.