மாடி ஜன்னலிலிருந்து எடுத்த படம்

கார்க், அயர்லாந்து,
பிப்ரவரி 11

அன்பு மகள் ரோஷீனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். கால்கரியில் பனி முழங்கால் வரை கிடக்கிறது என்று அம்மா சொன்னாள், பார்த்து நட. நம் ஊரில் மழைதான், அதைப் பற்றி எழுதித் தாளை வீணாக்கப் போவதில்லை. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது. போன வாரம் மருத்துவரிடம் போகப் பஸ்ஸுக்காக ஐம்பது நிமிடம் நின்றாள். இருபத்தொன்பது வருடம் பஸ் ஓட்டியவன் பெண்டாட்டிக்கு இதுதான் மரியாதையா என்று திரும்பி வந்து என்னைத்தான் திட்டினாள்.

ஞாயிறுதோறும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, பிறகென்ன கடிதம் என்று நினைப்பாய். அந்தப் பேச்சில் உன் அண்ணன் டோனல் என் தோளுக்குப் பின்னால் நிற்கிறான். இது அவனை வைத்துக்கொண்டு சொல்லக்கூடியது இல்லை.

தெருமுனையில் பழைய சலவை ஆலை பூட்டிக் கிடக்குமே, அதன் சுவரில் செப்டம்பரில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். ஆலையை இடித்துவிட்டு ஐந்து மாடி, அறுபத்து நான்கு வீடுகள். சொல்ல வேண்டியது இருந்தால் ஐந்து வாரத்துக்குள் மாநகராட்சிக்கு எழுதலாம். தெருக்காரர்கள் கூட்டம் போட்டோம். பக்கத்து வீட்டு டெக்லன், "பஸ் சமாச்சாரத்தை நீங்கதான் எழுதணும் டெனிஸ், உங்களுக்குத் தெரியாத ரோடா?" என்றான். எனக்கு அது போதும். காலை எட்டு மணிக்குப் பாலத்தில் எத்தனை கார் நிற்கிறது, பஸ்ஸுக்குத் தனிப் பாதை போடாமல் வீட்டை மட்டும் கட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று மூன்று பக்கம் எழுதினேன். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை, இன்றைக்கும் சொல்வேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஐந்தாம் மாடியிலிருந்து பார்த்தால் நம் பின்தோட்டம் முழுக்கத் தெரியும், குடும்பத்துக்கு மறைவே இருக்காது என்று ஒரு பத்தி சேர்த்தேன். வெறுமனே சொன்னால் நம்ப மாட்டார்களே என்று நம் மாடி ஜன்னலில் நின்று தோட்டத்தைப் படம் எடுத்து இணைத்தேன். படம் நன்றாகவே வந்திருந்தது. டோனலும் உன் அண்ணி ஆர்லாவும் பிள்ளைகளோடு மூன்று வருடமாக இருக்கிற, பலகையால் கட்டிய மரவீடு, அதன் ஜன்னல் திரை, கூரைக் குழாயில் புகை, கொடியில் ஃபின்னின் சட்டைகள், வாசலில் மேவின் சைக்கிள், எல்லாம் பளிச்சென்று விழுந்திருந்தன. மரவீட்டுக்கு நாம் அனுமதி வாங்கவே இல்லை என்பது அந்த நேரம் என் மண்டையில் ஏறவில்லை. ஊரில் எத்தனையோ தோட்டங்களில் அப்படி ஒன்று நிற்கிறது, யாரும் கேட்பதில்லை. ஒருவன் தானே படம் எடுத்து, முகவரி எழுதி, கையெழுத்தும் போட்டு அனுப்பினால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்.

வருகிற கடிதங்களையெல்லாம் மாநகராட்சி இணையத்தில் போடுகிறது, யாரும் படிக்கலாம். என்னுடையதைப் பெருமையாகத் தேடிப் போனால், நம் முகவரியிலிருந்தே இன்னொன்று இருந்தது. ஆர்லா எழுதியது. கட்டுங்கள், சீக்கிரம் கட்டுங்கள் என்று எழுதியிருந்தாள். கணவரின் பெற்றோருடன் இருக்கிறோம், அவர்கள் நல்லவர்கள், ஆனால் என் மகளுக்குக் கோபம் வந்தால் படாரென்று சாத்திக்கொள்ள அவளுக்கென்று ஒரு கதவு வேண்டும் என்று எழுதியிருந்தாள். மரவீடு என்ற பேச்சையே எடுக்கவில்லை. யாருக்கும் சிக்கல் வராதபடி அவள் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

டிசம்பரில் ஒருவர் அளவு நாடாவோடு வந்தார். மரியாதையான மனிதர். அம்மா கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு நீளம் அகலம் எல்லாம் குறித்துக்கொண்டு போனார். ஜனவரியில் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இனிமேல் அனுமதி கேட்கலாமா என்று ஒரு பொறியாளரை விசாரித்தோம். இவ்வளவு சின்னத் தோட்டத்துக்குக் கிடைக்காது என்றார். கோடைக்குள் அவர்கள் அங்கிருந்து கிளம்பியாக வேண்டும். வாடகைக்கு ஒரு வீடு பார்க்கப் போனார்கள், வாசலில் நாற்பது பேர் வரிசையில் நின்றார்களாம். என் ஆட்சேபத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஆனால் சலவை ஆலை வீடுகளுக்கு நாளையே அனுமதி கிடைத்தாலும் கட்டி முடிக்க மூன்று வருடமாகும். அதற்குள் மேவுக்கு ஒன்பது வயதாகிவிடும்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. டெக்லன்தான் புகார் கொடுத்தான் என்று டோனல் முடிவு கட்டிவிட்டான். வேலி விஷயத்தில் இரண்டு பேருக்கும் பழைய மனத்தாங்கல் உண்டே. வாசலில் வைத்து, தெருவே கேட்க, "காட்டிக்கொடுக்கிறவன்கூட எனக்கென்ன பேச்சு?" என்று டெக்லன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். ஆங்கிலேயரிடம் காட்டிக்கொடுத்தவர்களை இன்னும் மறக்காத இந்த நாட்டில் ஒரு மனிதனை அதைவிடக் கேவலமாகத் திட்ட முடியாது, உனக்குத் தெரியும். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. மறுநாள் டெக்லன் என்னிடம் வந்து, "நான் செய்யலன்னு நீங்களாவது அவன்கிட்ட சொல்லுங்க டெனிஸ்" என்றான். சொல்கிறேன் என்றேன். மூன்று வாரமாகிறது.

ஆர்லாவுக்குத் தெரியும். அவளும் அந்த இணையப் பக்கத்தைப் பார்த்திருப்பாள் அல்லவா. ஆனாலும் சாப்பாட்டு மேசையில் உருளைக்கிழங்குத் தட்டை எப்போதும் போல என் பக்கம் நகர்த்துகிறாள். நான் வாய் திறக்கட்டும் என்று காத்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். அவள் நாலு வார்த்தை திட்டினால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை டோனல், "பசங்க பாஸ்போர்ட் வர எத்தனை நாளாகும்பா?" என்று கேட்டான். தெரியாது என்றேன். அடுத்து உன்னைத்தான் கேட்கப் போகிறான், உங்கள் வீட்டில் கொஞ்ச நாள் தங்க இடம் இருக்குமா, தன்னைப் போல ஒரு தச்சனுக்கு அங்கே வேலை கிடைக்குமா என்று. இடம் இல்லை, வேலையும் மந்தம் என்று சொல்லிவிடு என்று கெஞ்சித்தான் முதலில் உனக்கு எழுதினேன். அம்மா அதை வாங்கிப் படித்தாள். "நீ ஒரு தடவை எழுதி அவங்க வீட்டைக் காலி பண்ணினது போதாதா டெனிஸ்?" என்றாள். தாளை நானே அடுப்பில் போட்டேன். நீங்கள் இரண்டு பேரும் கடல் தாண்டிப் போனால் இந்த வீட்டில் நானும் அவளும் என்ன செய்வோம் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அவளுக்கும்தான்.

இதைத் தபாலில் போட்டுவிட்டு டெக்லனையும் கூட்டிக்கொண்டு பின்தோட்டத்துக்குப் போகிறேன். டோனலிடம் டெக்லனுக்கு முன்னால்தான் சொல்ல வேண்டும். அவன் என்னோடு பேசாமல் போனால் போகட்டும்.

உன்னிடம் கேட்பது இதுதான். அவன் கேட்டால் உள்ளதைச் சொல். இடம் இருந்தால் இருக்கிறது என்றே சொல், எங்களுக்காகக் குறைத்துச் சொல்லாதே. ஃபின்னுக்குக் காதில் குளிர் பட்டால் உடனே காய்ச்சல் வரும். மேவுக்கு இருட்டென்றால் பயம், ஆனால் விளக்கு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க மாட்டாள். நீயே போட்டு வை.

நீ நன்றாக இரு, மகளே.

உன் அன்பு அப்பா,
டெனிஸ்