முனுசாமி ஆடிய மூன்று சீசன்கள்

அடி செல்வி, என் கண்ணே,

நீ போய் ஒரு வருஷமும் சில நாட்களும் ஆகிவிட்டன. வருஷ திதிக்கு நகரிக்கு வந்து, உன் வீட்டில் இலையில் உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, சத்தியவேட்டுக்கு பஸ் ஏறினேன். அழுகையெல்லாம் அன்றோடு தீர்ந்தது என்று நினைத்தேன். இப்போது வருவது அழுகை இல்லை, ஆத்திரம். உன்னிடம் கொட்டாமல் இதை வேறு எங்கே கொட்டுவது? தெலுங்கில் நான் எழுதிக் கொடுத்த மனுக்கள் மூன்று ஏற்கனவே பல்கலைக்கழகத்தில் தூங்குகின்றன. அதனால் இதைத் தமிழில், நாலு பேர் படிக்கும்படியே எழுதுகிறேன்.

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் மகள் காவ்யா திருப்பதியில் நாம் படித்த அதே பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறாள். கூடைப்பந்தும் ஆடுகிறாள். உன்னைப் போலவே ரிங்குக்குக் கீழே போய் முழங்கையை விரித்துக்கொண்டு நிற்கிறாள், ஒருத்தியும் கிட்டே வரமுடியவில்லை.

நம் கூடைப்பந்து அணிக்கு இது பொன்விழா வருஷமாம். ஒவ்வொரு சீசனிலும் யார் ஆடினார்கள், எங்கே போனார்கள், என்ன ஜெயித்தார்கள் என்று ஒரு புத்தகம் போட்டிருக்கிறார்கள். அதையே பெரிய பலகையாக எழுதி அரங்கத்தில் மாட்டியிருக்கிறார்கள். காவ்யா ஆசையாக ஓடிப்போய் உன் பெயரைத் தேடியிருக்கிறாள். பிறகு பலகையைப் படமெடுத்து எனக்கு அனுப்பினாள். கூடவே ஒரு வரி: "பெரிம்மா, அம்மா ஆடினாங்கன்னு நீங்க சொன்னதெல்லாம் நெஜமா?"

அந்தக் கேள்வியைப் படித்தபோது நான் பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகளுக்கு விசில் ஊதிக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் அன்றைக்கு விசில் ஊதவில்லை.

பலகையில் என்ன இருக்கிறது, கேள். நம் முதல் சீசனுக்கு எதிரே "பெண்கள் அணி பங்கேற்றது" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். அவ்வளவுதானா அந்த சீசன்? ஆண்கள் காலையிலும் சாயந்திரமும் ஆடுவார்கள், நமக்கு மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் கோர்ட். திருப்பதி வெயிலில் அந்த சிமெண்ட் தரையில் தோசை வார்க்கலாம். ஷூ இல்லாமல் முதல் வாரம் ஆடிப் பாதம் பொத்துப்போனவள் நீ. முதல் மேட்சிலேயே தோற்று ரயிலேறினோம். ரேணிகுண்டா வரும்வரை நீதான் எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டு வந்தாய்.

இரண்டாவது சீசனில் இரண்டு மேட்ச் ஜெயித்தோம். அதற்கு அரை வரி கொடுத்திருக்கிறார்கள், பரவாயில்லை. மூன்றாவதுக்கு வா. பரீட்சை, கல்யாணம், அம்மை என்று ஒவ்வொருத்தியாகக் கழன்று கடைசியில் நாம் ஐந்து பேர்தான் மிஞ்சினோம். நீ, நான், பத்மா, சுஜாதா, ரேவதி. மாற்று ஆள் கிடையாது. யாருக்காவது கால் பிசகினாலும் நொண்டிக்கொண்டே ஆடவேண்டும். அந்த ஐந்து பேரை வைத்துக்கொண்டு ஃபைனல் வரைக்கும் போனோமே! ஃபைனலில் ரெஃப்ரியிடம் வாயாடி, கோபத்தில் ஐந்தாவது ஃபவுலும் வாங்கி நான் வெளியே போய் உட்கார்ந்தேன். மிச்ச நேரம் நான் மறிக்கவேண்டிய எதிரணி ஆளையும் சேர்த்து நீயே மறித்தாய். நான்கு பேராக ஆடி ஒரே ஒரு புள்ளியில் தோற்றீர்கள். இரண்டாம் பரிசாகக் கிடைத்த வெள்ளிக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டுதான் ஊர் வந்தாய்.

அந்த சீசனுக்கு எதிரே எழுதியிருப்பதை அப்படியே சொல்கிறேன். "பெண்கள் அணியில் நால்வர் மட்டுமே இருந்ததால் பங்கேற்கவில்லை."

நம்முடைய கோப்பை? அது ஆண்கள் கணக்கில் ஏறிவிட்டது. கோப்பையில் பெண்கள் என்று பொறிக்கவில்லையாம், ஆகவே ஆண்களுடையதாம். அந்த வருஷம் முதல் மேட்சிலேயே மூட்டை கட்டியவர்கள் அவர்கள். அது மட்டுமா? ஆண்கள் அணியில் மூன்று சீசனும் ஒருவர் பிரமாதமாக ஆடியிருக்கிறார். "ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிப்பதில் நிகரற்றவர்" என்று அவருக்குத் தனிப் பாராட்டே இருக்கிறது. அவர் பெயர் முனுசாமி.

ஆமாம்டி, உன்னைப் பெத்த அப்பன், உன் நைனாதான்.

உனக்கு நினைவிருக்கும். தெலுங்குக்காரர்களுக்கு இண்டிபேரு உண்டு, வீட்டுப் பெயர். அதை முதலில் எழுதி அப்புறம்தான் சொந்தப் பெயர் எழுதுவார்கள். ஆந்திர எல்லையில் நம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு அது ஏது? அப்பன் பேரின் முதலெழுத்தோடு சரி. எனக்குப் பள்ளியில் சேர்க்கும்போதே வாத்தியார் ஊர்ப் பெயரை வீட்டுப் பெயராகப் போட்டுவிட்டார், நான் சத்தியவேடு லதா ஆகித் தப்பித்தேன். உனக்கு அணியில் சேரும் படிவத்தில், வீட்டுப் பெயருக்கான முதல் கட்டத்தில் உன் நைனா பெயர் ஏறியது. விளையாட்டுப் பிரிவில் டைப் அடித்தவர் முன்னால் இருந்ததைப் பெயராக வைத்துக்கொண்டு, செல்வியை வெறும் எஸ் ஆக்கினார். போகிற இடத்திலெல்லாம் மைக்கில் "முனுசாமி" என்று கூப்பிடுவார்கள், நீ கையைத் தூக்குவாய், கூட்டம் கொல்லென்று சிரிக்கும். மாற்றச் சொல்லலாம் என்று நான் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? "வுடுடி லதா, எங்க நைனா பேருதான கூப்புட்றாங்க. அவரு ஆடற மாரி இருந்துட்டுப் போவுது."

நாமும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டோம். இன்றைக்கு அந்தக் காகிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு புத்தகம் போட்டவர்கள், முனுசாமியை ஆண்கள் பக்கம் தள்ளிவிட்டார்கள். பெண்கள் பக்கத்தில் எண்ணிப் பார்த்தால் நாலு பேர். நாலு பேரோடு ஆட்டம் தொடங்க முடியாது என்ற விதி மட்டும் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. உயிரோடு இருக்கிற எங்கள் நாலு பேரில் ஒருத்தியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? ஒரு போன் போட அவ்வளவு கஷ்டமா?

பல்கலைக்கழகத்துக்கு நேரில் போனேன். அங்கே சூப்பிரண்டண்ட் ஒருவர், தெலுங்கு கலந்த தமிழில் பேசுகிறவர். உட்காரச் சொன்னார், டீ கூட வாங்கிக் கொடுத்தார்.

"மேடம், ரெக்கார்டுல எப்படி உந்தோ அப்படித்தான் புக்குல வரும். நாங்க சொந்தமா ஒண்ணும் எழுதல."

"சார், அது பொம்பள. செல்வி. என்கூட ஆடினவ."

"சரே. அப்போ அந்த அம்மாயியே வந்து அப்ளிகேஷன் கொடுக்கணும். கேண்டிடேட் சைன் இல்லாம பேரு மாத்த முடியாது."

"அவ செத்துப்போயிட்டா சார்."

அவர் முகம் நிஜமாகவே வாடியது. "அய்யோ பாபம்" என்றார். பிறகு, "டெத் சர்டிஃபிகேட்ல ஏம் பேரு?" என்று கேட்டார்.

"செல்வி."

"சூடண்டி, பாருங்க மேடம், அதுல செல்வி, இக்கட முனுசாமி. ரெண்டு பேரும் ஒண்ணுன்னு யாரு சொல்றது?"

"நான் சொல்றேனே!"

"நீங்க ஃப்ரெண்டு மேடம்."

எம். செல்வி என்றிருக்கும் உன் பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் காட்டினேன். எம் என்பது எதுவாகவும் இருக்கலாம் என்றார். செத்தவள் வந்து கையெழுத்துப் போடவேண்டுமாம், அதுவும் முனுசாமி என்ற பெயரில். உனக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை செல்வி. அந்த டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அங்கிருந்து நேராக நகரி. உன் நைனா பவர்லூம் பக்கத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, ஆனாலும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறார். என்னைக் கண்டதும் உள்ளே போய் ஒரு கவரை எடுத்து வந்து நீட்டினார். பொன்விழா அழைப்பிதழ். "திரு. முனுசாமி, முன்னாள் ஆட்டக்காரர்" என்று அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள். சால்வை போர்த்துவார்களாம்.

"இன்னாமா லதா இது? நான் எப்போமா பந்து ஆடனேன்? நாள் பூரா தறிகிட்ட நின்னுக்கினு இருந்தவன். எம்பொண்ணு ரெண்டு வாய் சோறு துன்னுட்டு, கால் வீங்கிக்கினு வந்து படுப்பாளே, அத நான் பாத்தவன். அவ ஆடனத எம்பேர்ல எழுதி எனக்கே சால்வ குடுக்கறாங்களா? பொண்ணோட பேர அப்பன் துன்னுட்டான்னு ஊரு சொல்லாதா?"

அப்புறம் தலையைத் தூக்காமலே கேட்டார்: "எந்தப் பாவி அந்த எடத்துல எம்பேர எழுதனது?"

தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அந்தப் பாவி நான்தான் செல்வி. நீ தமிழ் மீடியத்தில் படித்து வந்தவள், தெலுங்கு எழுத்து உனக்குத் தடுமாறும். படிவத்தை நான்தான் நிரப்பினேன். முதல் கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்று கிளார்க் சொன்னார். வரிசை நகர்ந்துகொண்டிருந்தது, எனக்குப் பசி. உன் ஊர்ப் பெயரை எழுதியிருக்கலாம், எனக்கு அப்படித்தானே இருந்தது? யோசிக்காமல் உன் நைனா பெயரை எழுதிவிட்டு உன்னைக் கேண்டீனுக்கு இழுத்துக்கொண்டு போனேன். இத்தனை வருஷமாக இதை ஒரு தப்பாகக்கூட நான் நினைத்ததில்லை. நீயாவது ஒரு தடவை திட்டியிருக்கலாமே!

என் தப்பு ஒரு கட்டத்தில் எழுதிய ஒரு பெயர். அதை நான் ஒப்புக்கொள்கிறேன். எழுதிக் கொடுத்தும் விட்டேன், மூன்றாவது மனுவில் என் கையெழுத்தோடு இருக்கிறது. ஆனால் ஐந்து பெண்கள் ஆடவே இல்லை என்று பலகையில் எழுதியது யார் தப்பு? ஒரு பெண் அவ்வளவு நன்றாக ஆடியிருப்பாள் என்ற எண்ணமே அவர்களுக்கு வரவில்லை பார், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தெரிந்தபின்னும், பொன்விழா முடியட்டும் பார்க்கலாம் என்கிறார்களே, அதற்கு என்ன பெயர்?

விழா இந்த மாதக் கடைசியில். பழைய ஆட்டக்காரிகளுக்கும் இப்போதைய பெண்கள் அணிக்கும் ஒரு காட்சி ஆட்டம் வைத்திருக்கிறார்கள். பத்மா, சுஜாதா, ரேவதி மூவரும் வருகிறார்கள். பத்மாவுக்கு முட்டியில் வலி, ஆனாலும் "வராம இருப்பனா?" என்று போனில் என்னையே திட்டினாள். ஐந்தாவது ஆளுக்கு நாங்களே ஒரு பெண்ணைத் தருகிறோம் என்று சூப்பிரண்டண்ட் சொல்லியனுப்பினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உனக்கு இரண்டு வாக்குத் தருகிறேன். உன் நைனாவை நானே நகரியிலிருந்து பஸ்ஸில் கூட்டிப்போகிறேன். புத்தூர் தாண்டுவதற்குள் படிவம் எழுதியது யார் என்று அவரிடம் சொல்லிவிடுவேன். அவர் அப்புறம் என்னோடு பேசாவிட்டாலும் சரி.

இரண்டாவது, நாங்கள் நாலு பேராகத்தான் கோர்ட்டில் இறங்குவோம். ரெஃப்ரி எண்ணிப் பார்த்து, ஐந்தாவது ஆள் எங்கே என்று கேட்டே ஆகவேண்டும். செல்வி என்று சொல்வோம். எந்த செல்வி என்று கேட்பார், மூன்று சீசன் கதையையும் சொல்வோம். ஆட்டம் தொடங்காவிட்டால் போகட்டும். காவ்யா எதிரணியில் நின்றுகொண்டிருப்பாள், அவள் காதில் விழ வேண்டும்.

உன் மகளுக்குப் பெரியம்மா, உனக்குக் கூடப் பிறக்காத அக்கா,
சத்தியவேடு லதா