உறையாத கேன்

நானா,

நேற்றுக் காலை மருமகள் கேத்தலின் அடியில் படிந்திருந்த சுண்ணாம்பைப் போக்க, அரைக் கோப்பை வினாகிரியை ஊற்றிக் கொதிக்க வைத்தாள். ஆவி குசினியைத் தாண்டி முன்னறைக்கு வந்தது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "மாமாவுக்கு ஒத்துக்கல போல, அந்தக் கதவத் தொறந்து விடுங்க" என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டாள். நான் கதவைத் திறக்கவில்லை. உங்கள் கடையின் பின்னறை இப்படித்தான் மணக்கும்.

உங்களுக்கு எழுத வேண்டும் என்று நினைத்தே பல மாதங்கள் போய்விட்டன. இரண்டு தாள்களைக் கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது. இதில் எழுதுவது சரியாக இருக்கும் என்று நம்புகிறேன். எண்களை மறுபடியும் புத்தகத்தில் பார்த்துக்கொண்டேன்.

அப்போது நான் பதுளையில் இரசாயனம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சனி, ஞாயிறு மட்டும் பண்டாரவளை வீட்டில் இருப்பேன். வந்ததும் கால் தானாக உங்கள் கடைக்குத்தான் போகும். ஊரெல்லாம் உங்களை நானா, அண்ணன், என்றுதான் கூப்பிடும். கொழும்பிலிருந்து கேனில் வரும் கடும் அசற்றிக் அமிலத்தை நீங்கள் தண்ணீரில் கலப்பீர்கள். நூறு பங்கில் ஐந்து பங்கு அமிலம் நிற்கும்படி ஆக்கி, வினாகிரி என்று போத்தலில் அடைப்பீர்கள். மார்கழி, தை மாதங்களில் அந்தக் கேன் விடிகாலையில் கல்லாகி இருக்கும். பதுளையில் என் ஆய்வுகூடப் போத்தல் ஒருநாளும் உறைந்ததில்லை. அங்கே அவ்வளவு குளிர் கிடையாது. உங்கள் பின்னறையில் தூய அமிலம் பனிக்கட்டி போல வெள்ளை ஊசிகளாக இறுகிக் கிடக்கும். அதை வெந்நீர்ப் பேசினில் இறக்கி வைத்து, "பாருங்க மாஸ்டர், இவருக்கும் கம்பளி கேக்குது" என்பீர்கள்.

கலந்து முடித்ததும் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்ப்பீர்கள். அதுதான் உங்கள் பரிசோதனை. அதில் நீங்கள் தவறியதாக எனக்கு நினைவில்லை.

அந்த வருடம் நோன்பு குளிர்காலத்தில் வந்தது. "நோன்பு வாயோட எப்படி ருசி பாக்கிற? பொழுதுபட்டு மஃரிபுக்குப் பொறகு பாத்துக்கிறேன்" என்றீர்கள். நான்தான் தடுத்தேன். பாடசாலையில் மேலதிகமாகக் கிடந்த நீரமானியைக் கொண்டுவந்து கொடுத்தேன். திரவத்தில் மிதந்து அதன் அடர்த்தியைக் காட்டும் அந்தக் கண்ணாடிக் குழாயில், தூய அமிலத்துக்குரிய இடத்தில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டினேன். "கேன்ல இருந்து எடுத்ததும் இத மிதக்க விடுங்க. நூல் மட்டத்துல நின்னா சாமான் சரி. அளந்து தண்ணி சேத்தாப் போதும், நாக்கு தேவையில்ல. இது பொய் சொல்லாது நானா" என்றேன். வாழ்க்கையில் இவ்வளவு உறுதியாக நான் பேசியது குறைவு. நீங்களும் நம்பினீர்கள்.

ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் செல்லம்மாவும் இன்னும் எட்டுப் பெண்களும் கொழுந்து வேலை முடிந்த பிறகு, காய்களை வினாகிரியில் ஊறவைத்து அச்சாறு போட்டு விற்றுவந்தார்கள். அவர்கள் உங்கள் வினாகிரியைத் தவிர வேறெதையும் தொடமாட்டார்கள். அந்த முறை போட்ட அச்சாறு ஒரு கிழமைக்குள் நுரைத்தது. மூடிகள் தாமாகத் துள்ளின. அத்தனையையும் வாழை மரத்தடியில் கொட்டிவிட்டு, செல்லம்மா காலிப் போத்தல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிக் கடைக்கே வந்துவிட்டார். நானும் அப்போது அங்கே நின்றேன்.

"நானா, நீங்க நோன்பு புடிக்கிறீங்க, சரி. ஒங்க வினாகிரி மட்டும் பகல்லயே நோன்பு தொறந்துருச்சு போல. வயிறு முட்டத் தண்ணி!"

சாமான் வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. "அளந்துதான் ஊத்தினேன் புள்ள. அளவு சரியாத்தான் ஈந்திச்சு" என்று மட்டும் சொன்னீர்கள். யார் கொடுத்த அளவு என்று அவர் கேட்டார். நீங்கள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

நானும் வாய் திறக்கவில்லை.

உங்களிடம் மீதியிருந்த வினாகிரியில் ஒரு சிறு போத்தலைப் பதுளைக்குக் கொண்டுபோனேன். காரக் கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து, நிறம் மாறும் இடத்தைப் பார்த்தேன். ஐந்து இருக்கவேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தது. என் காரக் கரைசலில்தான் பிழை என்று நினைத்து அதைப் புதிதாகத் தயாரித்தேன். மறுபடியும் இரண்டு. கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவிக் காயவைத்து மூன்றாம் முறை செய்தேன். அப்போதும் இரண்டு. அதற்குப் பிறகு, இதை எழுதக் கூசுகிறது, உங்களைச் சந்தேகித்தேன். நூல் சரியான மட்டத்தில் நின்றது என்கிறீர்கள்; வினாகிரியில் தண்ணீர் இருக்கிறது. இரண்டும் உண்மையானால் கலக்கும்போது தண்ணீரைக் கூட்டியவர் நீங்கள்தான் என்று என் கணக்கு சொன்னது.

அடுத்த சனிக்கிழமை அதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் உங்கள் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கடையில் ஈ, காக்கை இல்லை. தோட்டத்துப் பெண்கள் சொன்னது ஊர் முழுக்கப் பரவியிருந்தது. பேச்சோடு பேச்சாக நீங்கள் சொன்னீர்கள்: "எல்லாம் கெட்ட நேரம் மாஸ்டர். ஒரே ஒரு நல்ல காரியம், இந்தக் கேனுக்கு வெந்நி வைக்கிற வேலையே இல்லாமப் போச்சு. இந்தக் குளிருக்கும் தண்ணி மாதிரியே ஈக்குது."

தூய அமிலம் அந்தக் குளிரில் உறையாமல் இருக்காது. தண்ணீர் கலந்திருந்தால்தான் உறையாது.

வீட்டுக்கு ஓடிப்போய் அடர்த்தி அட்டவணையைத் திறந்தேன். மாணவர்களுக்கு எத்தனை முறை காட்டியிருப்பேன்! தூய அசற்றிக் அமிலத்தில் மூலக்கூறுகள் இரண்டிரண்டாகக் கைகோத்து நிற்கும். தண்ணீர் சேரும்போது அந்தப் பிடி விட்டு, தண்ணீரோடு சேர்ந்து முன்னைவிட நெருக்கமாக அடங்கும். அதனால் தண்ணீர் சேரச் சேர அடர்த்தி முதலில் கூடும். ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அமிலமாக இருக்கும்போது உச்சத்துக்குப் போகும். அதன் பிறகே இறங்கத் தொடங்கும். இறங்கும் வழியில், நூறில் நாற்பது பங்குக்குச் சற்று மேலே, தூய அமிலத்தின் அதே எண்ணை மறுபடியும் தொடும். வழியில் யாரோ ஒருவர் பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றிய கேனுக்கும் நல்ல கேனுக்கும் என் சிவப்பு நூல் ஒரே பதிலைத்தான் சொல்லும். யார் ஊற்றினார்கள் என்பது இன்றுவரை தெரியாது. ஆனால் உங்கள் நாக்கு அதை அன்றே பிடித்திருக்கும். அந்த நாக்கை வேண்டாம் என்றவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை உங்களையும் அழைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காம்பரா அன்று காலியாக இருந்தது. ஒன்பது பெண்களும் சுவரோரம் உட்கார்ந்தார்கள். பழைய கேனின் அடியில் மிஞ்சியிருந்த நல்ல அமிலம் ஒரு கிளாசில், புதிய கேனில் எடுத்தது மற்றதில். நீரமானியை மாறிமாறி விட்டேன். இரண்டிலும் நூல் மட்டத்தில் நின்றது.

"அப்ப இந்தக் கண்ணாடி பொய் சொல்லுதுங்களா மாஸ்டர்?" என்றார் செல்லம்மா.

"இல்லம்மா. அது உள்ளதத்தான் சொல்லுது. அத மட்டும் கேட்டா போதும்னு சொன்னது என் தப்பு. நானா அளவுல ஒரு தப்பும் இல்ல. அளவக் குடுத்தவன் நான்."

இரண்டிலும் ஒவ்வொரு துளி எடுத்து, ஒரே அளவு தண்ணீரில் கலந்து, நிறங்காட்டி விட்டு, காரத்தைத் துளித்துளியாகச் சேர்த்தேன். எண்ணும் வேலையைச் செல்லம்மாவிடமே கொடுத்தேன். புதிய கேனில் எடுத்தது பன்னிரண்டாவது துளியில் ரோஸ் நிறமானது. நல்லது முப்பது துளி வாங்கியது. தண்ணீரில் இருக்கும்போது இந்த அமிலம் தன்னிடம் உள்ளதில் மிகக் கொஞ்சத்தைத்தான் வெளியே விடும், காரம் வந்து கேட்கக் கேட்கத்தான் மீதியைக் கொடுக்கும் என்று விளக்கினேன்.

"அப்ப அது மாஸ்டர் மாதிரி" என்றீர்கள் நீங்கள். "கேட்டாத்தான் பேசும்."

பெண்கள் சிரித்தார்கள். செல்லம்மா மட்டும் சிரிக்காமல் எழுந்து உங்கள் முன்னால் வந்து நின்றார். "மனசுல வச்சுக்காதீங்க நானா. நாங்க வாயாடிப்போட்டோம். அடுத்த கெழம கரட் எறங்குது. வினாகிரி அனுப்புங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன்: "அன்னைக்குக் கடையில அத்தன பேருக்கு முன்னால என் பேரச் சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லல?"

நீங்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "நான் சொன்னா அது காட்டிக் குடுக்கிறது. நீங்க சொன்னா அது பாடம். நீங்க சுணங்கி, பிந்தித்தான் வருவீங்க மாஸ்டர். ஆனா வருவீங்க."

அதற்குப் பிறகு கடையை மூடும்வரை ஒவ்வொரு புதிய கேனையும் மூன்று வழியில் பார்த்தோம்: என் காரத் துளி, உங்கள் நாக்கு, பின்னறைக் குளிர். ஒரு அளவு சரியாக வந்ததும் இதே எண்ணை வேறெது தரும் என்று தேடும் பழக்கம் எனக்கு அன்று வந்ததுதான். மருந்துச் சீட்டிலும் அப்படிப் பார்க்கிறேன், மனிதர்களிலும் பார்க்கிறேன். பயந்தாங்கொள்ளி என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். முன்பு தலையைக் குனிந்துகொள்வேன். இப்போது, இது பயமில்லை, வேலை செய்யும் முறை என்று பதில் சொல்கிறேன்.

நீங்கள் மௌத்தான செய்தி வந்தபோது நான் பதுளையில் இருந்தேன். பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. உங்கள் மகன் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் பொறுத்திருக்கலாம் அங்கிள், ஆனா வெளிச்சத்தோட முடிக்கணும்னு சொன்னாங்க" என்று கலங்கினார்.

"பரவாயில்ல தம்பி" என்றேன். "நான் சுணங்கித்தான் வருவேன்னு ஒங்க வாப்பாவுக்குத் தெரியும்."

அதைச் சொல்லும்போது எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை, நானா.