வௌவால் ஆலமரம் சாய்ந்த பிறகு

சித்திரை 12, செவ்வாய்

காலையில் நல்ல வெயில், ஒன்றுமே நடக்காததுபோல. நேற்று மாலைச் சூறைக்காற்றில் வாழை முழுக்கப் போயிற்று. மாட்டுச்சாளை ஓடு பாதி. கிணற்றடியில் வௌவால்கள் அடையும் ஆலமரம் சாய்ந்து கிடக்கிறது. மேற்குப் பக்கத்து வேர்கள் மட்டும் இன்னும் மண்ணுக்குள்.

அடியில் வௌவால் குட்டிகள். செத்தவை நிறைய. உயிரோடு பதினொன்று. தாய்கள் தூரத்துப் புளியமரத்தில் கத்துகின்றன. பழைய சேலையைக் கையில் சுற்றிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தேன். பண்ணையாள் ரங்கன் வேப்பங்கிளையில் தொங்கவிட்டான்.

"கடிச்சுப்போடுமுங்கம்மா."

கடித்தது. மஞ்சள் வைத்துக் கட்டியாயிற்று.

பொழுது சாயத் தாய்கள் வந்தன. ஒன்பதை எடுத்துப் போயின. இரண்டுக்கு யாரும் வரவில்லை.

புதன்

கொழுந்தனார் சின்னச்சாமி, மில்லுக்கு விறகு எடுக்கும் கான்ட்ராக்டரோடு வந்தார்.

"ஏனுங் நங்கையா, உழுந்த மரம். அறுத்துக் குடுத்துப்போட்டா எடமாச்சும் சுத்தமாகுமுங்க. அண்ணன் இருந்தா அதத்தான் செஞ்சிருப்பாரு."

என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்திருந்தால் அறுத்துத்தான் இருப்பார். அதற்காக?

"எங்கப்பன் எனக்கு எழுதி வெச்ச தோட்டமுங்க இது. ரம்பம் உள்ள வரப்படாது" என்றேன்.

கான்ட்ராக்டர் சிரித்தார். படலைச் சாத்தினேன்.

வெள்ளி

கை முழுக்கக் கொப்புளம். மரத்தைத் தூக்கி நிறுத்தக் கிளைகளைக் கழித்தோம், வேர் பெயர்ந்த குழியை ஆழமாக்கினோம். வேருக்கு ஈரச்சாக்கு. கழித்ததில் பத்துக் கிளையைப் போத்தாக வெட்டிப் பள்ளத்தோரம் நட்டாயிற்று.

நான்கு ஜோடி எருது, கிணற்றில் கவலை கட்டித் தண்ணீர் இறைக்கும் வடம். முதல் இழுப்பிலேயே வடம் அறுந்தது. வரப்பில் நின்று சின்னச்சாமி: "நாந்தான் அப்பவே சொன்னனுங்களே."

மறுபடி, இரட்டை வடம். ரங்கன் தொண்டை கட்டும்வரை எருதுகளை அதட்டினான். மரம் முனகியது. எழுந்தது. முழுக்க நேராக இல்லை. முட்டுக் கொடுத்து நிறுத்தினோம். அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதேன். யார் பார்த்தால் என்ன.

வைகாசி 9

பட்டையை நகத்தால் கீறினேன். உள்ளே பச்சை. பால் கசிந்தது.

வௌவால்கள் திரும்பிவிட்டன, இருபதுக்கு மேல். இலையில்லாத மொட்டைக் கிளையில், உச்சி வெயிலில், இறக்கையால் விசிறிக்கொண்டு. பார்க்கப் பொறுக்கவில்லை. தென்னங்கீற்று முடைந்து மேலே கட்டச் சொன்னேன்.

சின்னச்சாமி வந்தார். "வௌவாலுக்குப் பந்தல் போட்டிருக்கறீங்கன்னு அன்னூர்ச் சந்தையில சிரிக்கறாங்க, நங்கையா."

"சிரிக்கட்டுமுங்க. நாளைக்குக் கெழக்குப் பக்கமும் போடறேன். வந்து ஏணியப் புடிங்க."