மாமா காலைப் பிடித்த கதை

ஈப்போ பக்கம், ரப்பர் தோட்டம்
1938, மாசி

செவந்திக்குத் தங்கமுத்து எழுதுவது. நான் சுகம். ஆத்தாவுக்கு மூட்டுவலி தேவலையா? உன் உடம்பு எப்படி இருக்கிறது என்றும் எழுது.

போன வருஷம் சடுகுடுவில் எங்கள் தோட்டம் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. ஏன் என்று நேற்று கூடிப் பேசினோம். ஒருவன் வெயில் என்றான், ஒருவன் கோடு கோணல் என்றான். கடைசியில் நாகராசு என்னைக் காட்டி, "இவரு மாமனப் புடிக்கவே மாட்டேங்கறாரு. அப்புறம் எங்கிட்டு ஜெயிக்கிறது?" என்றான்.

பொய்யில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காகப் பாடி வருபவர் உன் சித்தப்பா குழந்தைசாமி. பெண் கொடுத்த வீட்டுப் பெரியவரைக் காலை வாரி எப்படி விழத்தட்டுவது? கை தானாக விலகிவிடும்.

பேச்சு அவர் காதுக்கும் போய், சாயங்காலம் அவரே வந்துவிட்டார். "மாப்பிள்ளை, கோட்டுக்குள்ள மாமனுமில்ல, மருமகனுமில்ல. புடிச்சுப் பழகுங்க" என்று பாடிக்கொண்டே உள்ளே பாய்ந்தார். பிடித்துவிட்டேன். இருவரும் புழுதியில் உருண்டோம். முழங்கையில் கொஞ்சம் தோல் வழன்றது, அவ்வளவுதான். இந்த வருஷம் பக்கத்துத் தோட்டத்தார் பாடு திண்டாட்டம்தான். சித்தியிடம் மட்டும் சொல்லிவிடாதே.

யாராவது கப்பலேறினால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பு. நம் வீட்டுப் பானையிலிருந்தே எடு.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. இன்னும் ஒன்று. மாமா பாட்டை நிறுத்திய பிறகும் நான் காலை விடவில்லையாம். எல்லோரும் சிரித்தார்கள். கப்பலேறிய அன்று ஆத்தா காலைத் தொட்டுக் கும்பிட்டேன். அதன் பிறகு நம் மனுஷர் கால் என் கையில் பட்டது நேற்றுதான்.

தங்கமுத்து